சாவிக்கா அஸ்ட்யூட் இல்லை

சாவிக்கா வருவது அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். இடுப்பு வாரில் தொங்கும் முப்பத்தோரு சாவியும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே வரும். அந்தச் சத்தம் கேட்டால் தூங்குகிறவன் எழுந்து ஸ்பானரைத் தேடுவான். பேக்கிங் பெண்கள் யார் வீட்டுக் கதையையோ பாதியில் வெட்டிவிட்டு அட்டைப்பெட்டியை ஒட்டத் தொடங்குவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வசித்தது.

ஆபீஸ்களில் உட்கார்ந்தபடியே உருண்டு போகிறார்களே, ஐந்து சக்கரம் வைத்த நாற்காலி, அதைச் செய்கிற தொழிற்சாலை அது. சாவிக்கா எட்டாம் வகுப்போடு புத்தகத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே ஸ்க்ரூ பொட்டலம் கட்டச் சேர்ந்தாள். ஒரு நாற்காலிக்குப் பதினான்கு ஸ்க்ரூ. மற்றவர்கள் எண்ணிப் போடுவார்கள். இவள் கை டப்பாவுக்குள் போய் வந்தால் பதினான்கு இருக்கும். கண்ணைக் கட்டினாலும் பதினான்கு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அள்ளினாலும் பதினான்கு. ஒரே ஒரு நாள் பதிமூன்று வந்தது. உடனே ஓடிவந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் நூற்று மூன்று.

பழைய ஸ்டோர்க்காரருக்கு முதுகு போனபோது முதலாளியம்மா தன் கையாலேயே சாவிக்கொத்தை எடுத்து இவளிடம் கொடுத்தார்.

"இனி இது உன் இடுப்புல இருக்கட்டும். கெட்ட சாமான் ஒண்ணு உள்ளே வந்தாலும் உன்னைத்தான் கேப்பேன்."

அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். "இடுப்புல அரை மூட்டை இரும்பைக் கட்டி அனுப்பியிருக்காங்க, அதுக்குப் போய் இப்படிச் சிரிக்கிறியே" என்றார். அவள் வீட்டுச் சாவியையும் அதே கொத்தில் கோத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த மனிதர் வேலை முடிந்து சீக்கிரம் வந்தால் இவள் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்து கொசுவோடு பேசிக்கொண்டிருப்பார்.

சக்கரம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. புதுச் சக்கரம் வந்தால் பெட்டிக்கு நான்கு எடுப்பாள். இரும்புக் கம்பி பிளாஸ்டிக்குக்குள் போகிற கழுத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு லேசாக நெம்புவாள். நல்ல சரக்கு அசையாது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியதாக இருந்தால், அந்த இடத்தில் பால் வடிந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்தால் பெட்டி வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். கொண்டுவந்தவன் அழுதாலும் போகும், அவன் பாட்டனே வந்து அழுதாலும் போகும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது மேனேஜர் வந்தார்.

அவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் உருட்டு சார். மனிதர் நடக்கவே மாட்டார். மேஜையை ஒரு உதை உதைத்தால் நாற்காலியோடு ஹாலின் அந்தக் கோடிக்குப் போவார். அங்கே சுவரை ஒரு உதை, திரும்ப மேஜைக்கு. அவர் வாங்கிய செருப்பு பத்து மாதம் கழித்தும் கடையில் இருந்த மாதிரியே பளபளத்தது. அவரிடம் இன்னும் இரண்டு குணம் உண்டு. ஒன்று, எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். எல்லாம் வாய்தான். "எடுத்து வைங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். பிறகு பார்க்க மாட்டார். ஆனால் ஸ்டோரிலிருந்து யாரும் ஒரு ஆணி வாங்கினாலும் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவரேதான்.

இரண்டாவது குணம், பலகை. எல்லாரும் காலையில் கைரேகை வைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், அவருடைய ஹால் சுவரில், ஒரு பழைய வெள்ளைப் பலகை. அதில் தினமும் ஒரு ஆங்கிலச் சொல், அதற்குத் தமிழில் அர்த்தம், ஒரு உதாரண வாக்கியம். கீழே தேதி போட்டு, பாம்பு நெளிகிற மாதிரி தன் கையெழுத்தையும் போடுவார். சம்பளச் சீட்டில் அந்தக் கையெழுத்தைப் பார்க்க முடியாது, பலகையில் மட்டும் தினமும் தரிசனம். வாக்கியம் கட்டாயம் தொழிற்சாலையில் இருக்கிற யாரையாவது பற்றித்தான் இருக்க வேண்டும். "அப்பதான் மண்டையில நிக்கும்" என்பார். ஒருநாள் டீ கொண்டுவருகிற அக்காவைப் பற்றி எழுதினார். அந்த அம்மா மூன்று நாள் டீயில் சர்க்கரை போடவில்லை.

அவர் வந்த ஆறாவது மாதம் ஒரு வியாபாரி கருப்புச் சக்கரம் கொண்டுவந்தான். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற ஆள். சாவிக்கா நெம்பினாள். வெள்ளைக் கோடு விழுந்தது. இன்னொன்றை நெம்பினாள். கோடு.

"இது வேண்டாம் சார். கழுத்து ஒடியும்."

"நீங்க ஸ்க்ரூடிரைவர் ஜோசியம் பாக்காதீங்கம்மா. எடுத்து வைங்க, நான் பாத்துக்கறேன்."

எடுத்து வைத்தாள். மூன்றே மாதத்தில் ஒரு கம்பெனிக்குப் போன நாற்பது நாற்காலி நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது. வெளியூரில் இருக்கும் முதலாளியம்மா போனில் கேட்டார். சாவிக்கா அந்த நேரம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலில்தான் நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே உருட்டு சார் போனில் சொன்னார்.

"ஸ்டோர்ல சரியாப் பாக்காம எடுத்துட்டாங்க மேடம். வயசாயிடுச்சு பாருங்க. என் மச்சான் ஒருத்தன் இருக்கான், ரொம்பப் பொறுப்பான பையன். சாவியை அவன்கிட்ட குடுத்தா…"

சாவிக்கா வாயைத் திறந்தாள். அவர் போலீஸ்காரர் லாரியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினார். போனுக்குள்ளிருந்து முதலாளியம்மாவின் குரல் இவளுக்கே கேட்டது: "மாசக் கடைசியில நான் வரேன். சாவி யார்கிட்ட இருக்கணும்னு நேர்ல முடிவு பண்றேன்."

மறுநாள் காலை கைரேகை வைக்க வந்த நூற்றைம்பது பேரும் பலகையைப் பார்த்தார்கள்.

அஸ்ட்யூட். அர்த்தம்: ஆளையும் சமயத்தையும் சட்டென்று எடைபோட்டு, ஏமாறாமல் நடந்துகொள்கிற. உதாரணம்: நம் ஸ்டோர்க்காரம்மா அஸ்ட்யூட் இல்லை.

எழுதிவிட்டு அவர் ஒன்பது நாள் லீவில் போய்விட்டார். அவர் இல்லாதபோது பலகையை யாரும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட இன்னொரு சட்டம். ஒன்பது நாளும் அந்த வாக்கியம் சுவரில் உட்கார்ந்து சாவிக்காவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. முதல் நாள் எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். இரண்டாம் நாள் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் பெயின்ட் பிரிவில் ஒருவன், "அஸ்ட்யூட்டக்கா, ஒரு பிரஷ் குடுங்க" என்றான். சாவிக்கா பார்த்த பார்வையில் அவன் கையிலிருந்த பெயின்ட் தானாகக் காய்ந்துபோயிருக்கும். பிரஷ் கொடுக்கவில்லை. அவன் அன்றைக்கு விரலால்தான் அடித்தான்.

ஒன்பதாம் நாள் அவள் பலகைக்கு முன்னால் நின்று, சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தனக்குள் சொல்லிக்கொண்டாள்: இதே பலகை, இதே கை. அந்த "இல்லை"யை அவரே எடுக்க வேண்டும். அதுவரைக்கும் எனக்குச் சோறு மண்.

மண் என்றாளே தவிர அன்றைக்கு இரவு இரண்டு தட்டு சாப்பிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசி கூடும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். ஆங்கிலத்தில் கடிதம் அடித்து அடித்து விரல் நுனியில் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டவள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடியே, அஸ்ட்யூட்னா என்னடி? பலகையில எழுதியிருக்கிறது புரியுது. ஆனா அந்தச் சொல்லை யாருக்குச் சொல்லுவாங்க, எப்பச் சொல்லுவாங்க, அதைச் சொல்லு."

"கெட்டிக்காரின்னு வெச்சுக்கோயேன்."

"கெட்டிக்காரின்னா எனக்கு இவ்வளவு எரியாதே."

தங்கை கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "சரி, சரியாச் சொல்றேன். பரீட்சையில நூறு வாங்குறவனைக் கெட்டிக்காரன்னு சொல்லலாம். அஸ்ட்யூட்னு சொல்ல மாட்டாங்க. எதிராளி அடுத்து என்ன பண்ணப் போறான்னு அவனுக்கு முன்னாடியே தெரியுதே, தெரிஞ்சும் மூஞ்சியில காட்டாம இருக்காளே, அவதான் அஸ்ட்யூட்."

"அப்ப தந்திரக்காரின்னு சொல்லு."

"அதுவும் இல்ல. தந்திரக்காரின்னா பொய் சொல்லுவா, குழி தோண்டுவா. அப்படிச் சொன்னா அது திட்டு. அஸ்ட்யூட்டுக்குப் பொய்யே தேவையில்ல. அவன் குணம் என்னன்னு பாத்து வெச்சுக்கிட்டா போதும், அவனே நடந்து வந்து மாட்டிப்பான். எங்க வக்கீல் கடிதத்துல பெரிய வியாபாரியைப் புகழணும்னா இதைத்தான் அடிக்கச் சொல்லுவாரு."

"உங்க மாமாவை அப்படிச் சொல்லலாமா?"

தங்கை வாசற்படியில் கொசுவோடு உட்கார்ந்திருக்கும் மாமாவை நினைத்துப் பார்த்தாள். "மாமாவுக்கு வேற நல்ல சொல்லு நிறைய இருக்குக்கா."

பிறகு முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்து ஒரே கேள்விதான் கேட்டாள். "அவரு எடுத்து வைக்கச் சொன்னது எழுத்துல இருக்கா?"

"அந்த ஆளு எதுல கையெழுத்துப் போட்டாரு?"

"எழுத்துல இல்லைன்னா அது நடக்கவே இல்லக்கா. வக்கீல் ஆபீஸ்ல முதல் நாள் எனக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான்."

இதெல்லாம் காதில் ஏறியதே தவிர, ஆத்திரம் உடனே அடங்கிவிடுமா? திங்கட்கிழமை சாவிக்கா ஒரு காரியம் செய்தாள். நாற்காலிக்கு நடுவில் ஏற்றி இறக்கும் காற்று உருளை இருக்கிறதே, அதில் காற்று கசிகிற ஒன்றைத் தேடிப்பிடித்து உருட்டு சாரின் நாற்காலியில் மாட்டிவிட்டாள். மனிதர் உட்கார்ந்தார். கால் மணிக்கு ஒரு விரற்கடை வீதம் இறங்கினார். பதினொரு மணிக்கு மேஜை அவர் மார்பு வரை வந்தது. அவர் உடனே எழுந்து, "கணக்கு சார், உங்க நாற்காலியைக் குடுங்க, இதை நீங்க வெச்சுக்கோங்க" என்று மாற்றிக்கொண்டார். மதியம் போய்ப் பார்த்தால் அப்பாவிக் கணக்கர், மேஜைக்கு மேலே கண்ணும் வழுக்கையும் மட்டும் தெரிய, தண்ணீரில் முங்கியவர்போல எழுதிக்கொண்டிருந்தார். சாவிக்காவுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஓடிப்போய் அவருக்கு நல்ல உருளை மாட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் போனில் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இது குறும்பு. இதுக்கு ஆங்கிலத்துல வேற சொல்லு. நீ சத்தமில்லாம அவரைப் பாரு. அவருக்கு எதைக் கண்டா கை ஊறுதுன்னு பாரு."

சாவிக்கா பார்த்தாள். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் பார்த்தாள். தொழிற்சாலையே பயந்துபோனது. அவள் சண்டை போட்டால் தாங்கலாம், சும்மா இருந்தால் யார் தாங்குவது? காகிதத்தைக் கண்டால் அந்த ஆளுக்குக் கை முடங்கியது. பலகையைக் கண்டால் கை துள்ளியது. அவ்வளவுதான் விஷயம். வியாழக்கிழமை அதற்கு வேலை வந்தது.

சிரிப்பு வியாபாரி மறுபடியும் வந்தான். அதே சக்கரம், நிறம் மட்டும் சாம்பல். நெம்பிப் பார்த்தாள். அதே வெள்ளைக் கோடு, அண்ணனைப் பார்த்துப் பழகிய தம்பி மாதிரி.

"இதுவும் வேண்டாம் சார். அதே சரக்குதான்."

"எடுத்து வைங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

"சரி சார்."

பக்கத்தில் நின்ற கணக்கர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் "சரி" சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஆனா ஒண்ணு சார். முதல்ல நம்ம ஆபீஸ் நாற்காலியில போட்டுப் பாக்கலாமா? உங்க நாற்காலியிலயே போடறேன். முதலாளியம்மா வர்றப்ப நீங்களே உருண்டு காட்டலாம்."

"அட, நல்ல யோசனையா இருக்கே!"

"இன்னிக்குப் பலகையில என்ன சொல்லு சார்?"

"டிசைசிவ். தயங்காம முடிவெடுக்கிற ஆளுன்னு அர்த்தம். உதாரணத்துக்குத்தான் இந்த இடத்துல அப்படி ஒரு ஆளே இல்ல."

"எங்களையெல்லாம் எழுதறீங்க, உங்களை ஒரு நாளாவது எழுதினீங்களா சார்? இப்பக்கூட நான் வேண்டாம்னு சொன்னேன், நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? டக்குனு எடுக்கச் சொல்லிட்டீங்க."

உருட்டு சாரின் முகம் பூரித்து இரண்டு மடங்கானது. மேஜையை உதைத்தார், பலகைக்குப் போய்ச் சேர்ந்தார். மார்க்கரை அழுத்தினார். வரவில்லை. "மார்க்கர் தீந்துபோச்சு. ஒண்ணு குடுங்கம்மா."

சாவிக்காவின் வேலைச் சட்டைப் பையில் ஒரு மார்க்கர் இருந்தது. அட்டைப்பெட்டியில் முகவரி எழுதுகிற மார்க்கர். பலகை மார்க்கரும் அதுவும் அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று துடைத்தால் போகும், மற்றது பெட்டி மழையில் நனைந்து கூழானாலும் போகாது. அவர் மார்க்கர் கேட்டார், அவள் மார்க்கர் கொடுத்தாள். எந்த மார்க்கர் என்று அவர் கேட்கவில்லை.

எழுதினார்: புதுச் சாம்பல் சக்கரங்களை வாங்க மேனேஜர் தயங்காமல் முடிவெடுத்தார்.

"நான் வேண்டாம்னு சொன்னதையும் சேருங்க சார். அப்பதான் எடுப்பா இருக்கும்."

அவர் ஒரு அம்பு போட்டு மேலே சேர்த்தார்: ஸ்டோர்க்காரம்மா வேண்டாம் என்று சொல்லியும். பிறகு பின்னால் சாய்ந்து அழகு பார்த்தார். தேதி போட்டார். பாம்பை நெளியவிட்டார்.

மறுநாள் காலை அடுத்த சொல் எழுத டஸ்டரால் துடைத்தார். போகவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தார். எச்சில் தொட்டும் துடைத்தார். பலகை மேல்பூச்சுப் போன கிழட்டுப் பலகை, மையை மிச்சமில்லாமல் குடித்துவிட்டிருந்தது.

"ஏம்மா, இதை அழிக்கப் பெயின்ட் தின்னர் கொஞ்சம் குடுங்க."

"ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். சட்டம் இருக்குல்ல."

"எனக்குமா?"

"சட்டத்துல யாரு பேரும் விட்டுப்போகலையே சார்."

கையெழுத்தா, அவரா? கடைசியில் ஒரு பெரிய தாளைப் பலகைமேல் ஒட்டி மறைத்து, அதன்மேல் சொல் எழுத ஆரம்பித்தார். சாவிக்கா மற்ற நாற்காலிகளுக்கெல்லாம் பழைய நல்ல சக்கரத்தையே கொடுத்தாள். "பழைய இருப்பு முதல்ல தீரட்டும்" என்றாள். சாம்பல் சக்கரம் ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. தினமும் காலையில் உருட்டு சார் வருவதற்கு முன்னால் குனிந்து அவர் நாற்காலிச் சக்கரங்களைப் பார்ப்பாள். இடதுபக்கச் சக்கரத்தின் கழுத்தில் வெள்ளைக் கோடு, பிள்ளைக்குப் பல் முளைக்கிற மாதிரி நாளுக்கு நாள் வளர்ந்தது. பார்த்துவிட்டு, வயிறு குளிர்ந்து, டீ குடிக்கப் போவாள்.

மாதக் கடைசி நாள் முதலாளியம்மா வந்தார். ஹாலில் எல்லாரும் கூடினார்கள். உருட்டு சாரின் மச்சான், இடுப்பில் புது வார் கட்டிக்கொண்டு சாவிக்குத் தயாராக வந்து நின்றான். முதலாளியம்மாவுக்குச் சாவிக்கா தானே ஒரு நாற்காலி உருட்டிக்கொண்டு வந்து போட்டாள். பழைய சக்கரம், இரும்பு மாதிரி.

"அந்த நாற்பது நாற்காலி எப்படி உடைஞ்சது?" என்று முதலாளியம்மா நேராகக் கேட்டார்.

"அன்னிக்கே சொன்னேனே மேடம். ஸ்டோர்ல பாக்காம எடுத்துட்டாங்க. இதுக்கெல்லாம் ஆள் அஸ்ட்யூட்டா இருக்கணும்." அவர் உருண்டு முன்னால் வந்தார். "நல்லவங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா சக்கரம் பாக்கத் தெரியல."

முதலாளியம்மா சாவிக்காவைப் பார்த்தார். "நீ வேண்டாம்னு சொல்லலையா?"

"சொன்னேன் மேடம்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார் உருட்டு சார். "எழுத்துல ஏதாவது இருக்கா?"

சாவிக்கா வாரிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினாள். முப்பத்தோரு சாவியும் ஒரு சத்தம் போட்டு அடங்கின. பேக்கிங் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"சாவியை வெச்சுடறேன் மேடம். அதுக்கு முன்னாடி அந்தப் பலகைத் தாளை மட்டும் ஒருத்தர் தூக்கிப் பாத்துட்டா…"

அவள் போட்ட திட்டம் அவ்வளவுதான். தாளைத் தூக்க வேண்டும், முதலாளியம்மா படிக்க வேண்டும். மிச்சம் நடந்தது கொசுறு. தாள் என்றதும் உருட்டு சார் "அது ஒண்ணும் இல்ல மேடம்!" என்று மேஜையை ஒரு உதை உதைத்தார். வாழ்நாளில் அவர் உதைத்த உதைகளிலேயே பெரிய உதை. நாற்காலி ராக்கெட் மாதிரி பலகையை நோக்கிப் பறந்தது. பாதி வழியில் இடதுபக்கச் சக்கரம், "இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு" என்று சொல்லாமல் சொல்லி, டப்பென்று கழுத்தொடிந்தது. நாற்காலி ஒருபக்கம், சார் ஒருபக்கம். விழுகிற மனிதன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பான். அவர் தாளைப் பிடித்தார். தாள் பர்ரென்று கிழிந்து அவரோடு தரைக்கு வந்து, போர்வை மாதிரி அவர்மேல் விழுந்தது.

பலகையில், அவர் தலைக்கு நேர் மேலே, அவர் எழுத்து. ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை.

முதலாளியம்மா எழுந்து போய்ச் சத்தமாகவே படித்தார். "ஸ்டோர்க்காரம்மா வேண்டாம் என்று சொல்லியும், புதுச் சாம்பல் சக்கரங்களை வாங்க மேனேஜர் தயங்காமல் முடிவெடுத்தார்." ஒடிந்த சாம்பல் சக்கரத்தை எடுத்துக் கழுத்தைப் பார்த்தார். பிறகு தாளுக்குள் இருந்தவரைக் கேட்டார். "இது உங்க கையெழுத்துதானே?"

"மேடம், அது… சும்மா… உதாரணம்."

"கருப்புச் சக்கரத்தையும் இப்படித்தான் தயங்காம எடுத்தீங்களா?"

கணக்கர் தொண்டையைக் கனைத்தார். "ஆமா மேடம். அக்கா அன்னிக்கும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்." இதைச் சொல்ல அவருக்கு நான்கு மாதம் பிடித்திருக்கிறது. நல்ல உருளை மாட்டிக் கொடுத்தது வீண்போகவில்லை.

முதலாளியம்மா சாவிக்கொத்தை எடுத்துத் திரும்பவும் சாவிக்காவின் கையில் வைத்தார். மச்சான் தன் புது வாரை மெல்ல அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டான்.

"இனிமே இவங்க கையெழுத்தில்லாம ஒரு சக்கரம் உள்ளே வரக்கூடாது. நீங்க வாங்கச் சொல்றது எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்றார் உருட்டு சாரிடம். பிறகு இவளிடம் திரும்பினார். "உனக்கு வேற ஏதாவது வேணுமா?"

மன்னிப்புக் கேட்கச் சொல்வாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வாயால் வந்த மன்னிப்பு காற்றில் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஒரே ஒரு வாக்கியம் மேடம். சார் எழுதினா போதும். அஸ்ட்யூட்ங்கிற சொல்லுக்கு அவர் எழுதின உதாரணத்துல ஒரு சொல்லு கூடுதலா விழுந்துடுச்சு. அதை மட்டும் விட்டுட்டு மறுபடி எழுதணும்."

உருட்டு சார் எழுந்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக நடந்து பலகைக்குப் போனார். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள், ஏதோ சர்க்கஸ் கரடி நடக்கிற மாதிரி. மூன்று வாரமாக "அஸ்ட்யூட்டக்கா" என்று கூப்பிட்ட பெயின்ட்காரன் முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

"மார்க்கர்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

சாவிக்காவின் பையில் இப்போது இரண்டு மார்க்கர் இருந்தன. இரண்டையும் வெளியே எடுத்தாள். ஒன்றைத் திரும்பவும் பைக்குள் போட்டாள்.

"இது பெட்டி மார்க்கர் சார். எழுதினா அழியாது. இந்தத் தடவை முன்னாடியே சொல்லிட்டேன்."

அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா பலகையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் உருட்டு சார் கையை நீட்டினார்.

சாவிக்கா மார்க்கரைக் கொடுக்கவில்லை. ஸ்டோர்ச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். அதில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்: மார்க்கர், ஒன்று.

"முதல்ல இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார்."